எந்த மட்டத்திலிருந்து மூன்றடி?

வெள்ளம் வரும் நிலத்தில் கட்டப்படும் கட்டடத்துக்கான தரவிதிகள் எல்லாமே ஓர் எண்ணிலிருந்து புறப்படுகின்றன. அந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் வரை ஏறும் என்பதே அந்த எண். கடல்மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று அதைக் குறித்துவிட்டால், தரைத்தளம் எங்கே தொடங்க வேண்டும், மின்பலகையை எங்கே வைக்க வேண்டும், அந்தக் கோட்டுக்குக் கீழே எதைக் கொண்டு கட்டலாம் என்ற கேள்விகளுக்கெல்லாம் வரைபடத்திலேயே விடை எழுதிவிடலாம். தமிழ்நாட்டில் வீடு கட்டுகிறவரும் மேஸ்திரியும் பேசிக்கொள்ளும் கணக்கு வேறு. "ரோட்டுலேர்ந்து மூணடி பேஸ்மட்டம் போட்டுக்கலாம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மூன்றடி தாராளமான உயரம்தான். ஆனால் ரோடே வெள்ளமட்டத்துக்கு ஐந்தடி கீழே கிடக்கும் தெருவில், அந்த வீட்டுக்குள் இரண்டடித் தண்ணீர் நிற்கும்.

தண்ணீர் ஒரு கட்டடத்தை எப்படியெல்லாம் தாக்குகிறது என்று பார்த்துவிட்டால் விதிகளின் காரணம் விளங்கும். தேங்கி நிற்கும் தண்ணீர் பார்வைக்குச் சாது. சுவருக்கு வெளியே ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்று, உள்ளே வறண்டிருந்தால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் அது சுமார் 500 கிலோ எடையளவு விசையுடன் பக்கவாட்டில் தள்ளுகிறது. ஆழம் இரண்டு மீட்டரானால் விசை நான்கு மடங்காகி 2,000 கிலோவைத் தொடும். செங்கல் சுவர் மேலிருந்து இறங்கும் பாரத்தைத் தாங்குவதற்காகக் கட்டப்படுவது. பக்கவாட்டில் தள்ளினால் ஒன்பது அங்குலச் சுவருக்கும் அவ்வளவு தெம்பு கிடையாது. நாலரை அங்குலச் சுவரையும் ஹாலோ பிளாக் சுவரையும் கேட்கவே வேண்டாம். வாசலில் மணல் மூட்டை அடுக்கி, கதவிடுக்கில் துணியைத் திணித்து, உள்ளே ஒரு சொட்டு வராமல் காத்துவிட்டால் பெரிய சாதனையாகத் தோன்றும். வெளியே தண்ணீர் மூன்றடியைத் தாண்டும்போது அந்தச் சாதனையே சுவரைச் சாய்த்துவிடலாம். சாதாரண வீட்டுச் சுவரை நம்பி மூன்றடிக்கு மேல் தண்ணீரைத் தடுக்க முயல வேண்டாம் என்று அமெரிக்காவின் பேரிடர் மேலாண்மை முகமையான ஃபெமா எச்சரிப்பது இதனால்தான்.

இதே கணக்கு வெள்ளம் வடிந்த பிறகும் தொடர்கிறது. தரைக்குக் கீழே பார்க்கிங் தளம் உள்ள அடுக்ககங்களில், மழை விட்டதும் மோட்டார் போட்டு ஒரேயடியாக இறைத்துவிடத்தான் எல்லோருக்கும் அவசரம். உள்ளே தண்ணீர் போய்விடும்; சுற்றியுள்ள மண்ணோ ஊறிப்போய் வெளியிலிருந்து அழுத்திக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் சுவர் உள்ளே சரிந்த சம்பவங்கள் உண்டு. ஓரடி இறைத்து, மட்டத்தைக் குறித்துவைத்து, மறுநாள் காலை அது ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே மேற்கொண்டு இறைக்க வேண்டும் என்பது பரிந்துரை.

தண்ணீர் மேல்நோக்கியும் தள்ளும். 12,000 லிட்டர் கொள்ளும் சம்ப் காலியாக இருக்கும்போது சுற்றிலும் நிலம் முழுகினால், அதைக் குறைந்தது 12 டன் விசை கீழிருந்து தூக்கப் பார்க்கும். தொட்டியின் கான்கிரீட் எடை அதற்கு ஈடு கொடுக்காவிட்டால் தொட்டி தரையைப் பிளந்துகொண்டு எழும்பிவிடும். வெள்ள எச்சரிக்கை வந்ததும் சம்ப்பை நிரப்பிவைப்பது குடிநீருக்காக மட்டும் அல்ல. ஓடும் தண்ணீர் இன்னொரு ரகம். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். கூடவே மரக்கட்டை, கார், சிலிண்டர் எல்லாவற்றையும் இழுத்துவந்து மோதும். தூணைச் சுற்றிச் சுழன்று அடிமண்ணை அரித்துக்கொண்டும் போகும். ஆற்றங்கரையில் நல்ல கான்கிரீட் வீடு ஒன்று உடையாமல் அப்படியே முழுசாகக் கவிழ்ந்து கிடந்தால், அஸ்திவாரம் அரிப்பின் ஆழத்துக்குக் கீழே போகவில்லை என்று பொருள்.

இனி அந்த எண்ணுக்கு வரலாம். இதை ஊர் ஊராகக் கணக்கிட்டு, வரைபடமாக்கி, கட்டட விதியோடு பிணைத்த நாடுகளில் அமெரிக்காவின் அனுபவம் நீண்டது. 1965-இல் பெட்சி புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்த பிறகு, 1968-இல் தேசிய வெள்ளக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. வெள்ளத்துக்குக் காப்பீடு தரத் தனியார் நிறுவனங்கள் தயங்கியதால் அரசே அதைத் தர முன்வந்தது. பதிலுக்கு ஒரு நிபந்தனை போட்டது. எந்த ஊர் தன் எல்லைக்குள் வெள்ளக் கட்டட விதிகளை அமல்படுத்துகிறதோ, அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டுமே காப்பீடு. 1973-இல் இன்னொரு முடிச்சும் சேர்ந்தது: வெள்ள மண்டலத்தில் உள்ள வீட்டுக்கு, அரசின் மேற்பார்வையில் உள்ள வங்கிகளில் கடன் வேண்டுமானால் காப்பீடு கட்டாயம். இன்று 22,000-க்கும் மேற்பட்ட ஊராட்சி அமைப்புகள் இத்திட்டத்தில் இருக்கின்றன. பொறியியலைவிட இந்தப் பணக் கணக்குதான் விதிகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது என்று சொன்னால் மிகையில்லை.

வரைபடங்கள் குறிப்பது நூறாண்டு வெள்ளத்தை. நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும், போன முறைதான் வந்துவிட்டதே, இனி நம் காலத்தில் கவலையில்லை என்று இதைப் புரிந்துகொள்கிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. உண்மையில், எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளம் அது. இந்த ஆண்டு வந்துவிட்டது என்பதால் அடுத்த ஆண்டின் 1 சதவீதம் குறைவதில்லை. 30 ஆண்டு வீட்டுக்கடன் அடைபடுவதற்குள் அப்படியொரு வெள்ளம் ஒருமுறையாவது வர 26 சதவீத வாய்ப்பு. 70 ஆண்டு நிற்கும் கட்டடத்துக்கு வாய்ப்பு பாதிக்கும் சற்று மேல். ஹூஸ்டன் நகரம் 2015 மே, 2016 ஏப்ரல், 2017 ஆகஸ்ட் என அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் பெருவெள்ளத்தைப் பார்த்தது.

நூறாண்டு வெள்ளம் எட்டும் உயரம் அடிப்படை வெள்ளமட்டம் எனப்படுகிறது. வீட்டின் மிகத் தாழ்ந்த தளம் அதற்குக் கீழே இருக்கக் கூடாது என்பது குறைந்தபட்ச விதி. கணக்கு பிசகலாம், மேலே ஏதாவது கட்டடம் வந்து நீரோட்டத்தைத் திருப்பலாம், மழை பழைய புள்ளிவிவரத்தை மதிக்காமல் பெய்யலாம் என்பதால், பல மாநிலங்கள் அதற்கு மேலும் ஓரடி முதல் மூன்றடி வரை உபரி உயரம் கேட்கின்றன. ஏரிக்கரையை நீர்மட்டத்தின் அளவுக்கே நிறுத்தாமல் மேலே கொஞ்சம் விட்டுக் கட்டும் பழக்கமும் இதே காரணத்தால் வந்ததுதான். 2017 ஆகஸ்டில் அந்த வெள்ளத்தைக் கொண்டுவந்த ஹார்வி புயலுக்குப் பிறகு ஹூஸ்டன் தன் விதியை மாற்றி, 2018 செப்டம்பர் முதல், வெள்ளச் சமவெளியில் எழும் புதிய கட்டடங்கள் ஐந்நூறாண்டு வெள்ளமட்டத்துக்கும் இரண்டடி மேலே இருக்க வேண்டும் என்றது. அமெரிக்கக் கட்டுமானப் பொறியாளர் சங்கம் வெளியிடும் 24-ஆம் எண் தரநூலும் 2024 பதிப்பில், பெரும்பாலான கட்டடங்களுக்கு நூறாண்டுக் கணக்கைக் கைவிட்டு ஐந்நூறாண்டுக் கணக்குக்கு மாறியிருக்கிறது. மருத்துவமனை, தீயணைப்பு நிலையம் போன்றவற்றுக்கு அளவுகோல் அதைவிடக் கடுமை. வீடு மூழ்கினால் ஒரு குடும்பம் தவிக்கும், மருத்துவமனை மூழ்கினால் ஊரே தவிக்கும் என்ற தரப்பிரிப்பு அது.

கடலோரத்தில் விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. மூன்றடிக்கு மேல் அலை எழக்கூடிய பட்டையில் மண் கொட்டி மேடாக்கி வீடு கட்ட அனுமதியில்லை. அலை மண்ணைக் கரைத்துக்கொண்டு போய்விடும். ஆழமாக இறக்கிய பைல்களின் மேலோ தூண்களின் மேலோதான் கட்ட வேண்டும். அங்கே அளப்பது தரையின் மேல்பரப்பை அல்ல, அந்தத் தரையைத் தாங்கும் கிடைமட்ட உத்திரத்தின் அடிப்பக்கத்தை. அலை உத்திரத்தில் மோதக் கூடாது. தூண்களுக்கிடையே சுவர் எழுப்பினால் அது பலவீனமாகவே இருந்தாக வேண்டும் என்பது கேட்பதற்கு விசித்திரமான விதி. வீட்டு மின்சாரத்தில் ஃபியூஸ் செய்யும் வேலையை இங்கே அந்தச் சுவர் செய்கிறது. அலை அடித்ததும் அது முதலில் பிய்ந்து போய்விடும். தண்ணீர் தூண்களுக்கிடையே தடையின்றிப் பாயும். மேலே உள்ள வீட்டுக்குப் பாரம் ஏறாது. 2018 அக்டோபரில் மைக்கேல் புயல் ஃப்ளோரிடாவின் மெக்சிகோ பீச் ஊரைத் துடைத்துப் போட்டபோது, கடற்கரையில் தனியாக நின்ற ஒரு வீட்டின் படம் உலகமெங்கும் வந்தது. 40 அடி நீளப் பைல்களின் மேல் நின்ற வீடு அது. அதன் கீழ்ப்பகுதிச் சுவர்களும் மாடிப்படியும் திட்டமிட்டபடியே பிய்த்துக்கொண்டு போயிருந்தன.

அலையில்லாத உள்நாட்டு வெள்ளத்தில் சுவரைப் பலியிட வேண்டியதில்லை; தண்ணீரை உள்ளே விட்டால் போதும். வெள்ளமட்டத்துக்குக் கீழே சுவரால் அடைத்த இடம் இருந்தால், அதன் வெவ்வேறு பக்கங்களில் குறைந்தது இரண்டு திறப்புகள் வைக்க வேண்டும். ஒரு சதுர அடித் தரைக்கு ஒரு சதுர அங்குலத் திறப்பு என்பது கணக்கு. 1,000 சதுர அடிக்கு மொத்தமாக ஏழு சதுர அடி வரும். திறப்பின் அடி, நிலத்திலிருந்து ஓரடிக்கு மேல் இருக்கக் கூடாது. வெளியே ஏறும் வேகத்திலேயே உள்ளேயும் தண்ணீர் ஏறும். இரு பக்க அழுத்தமும் சமமாகி, சுவர் நிற்கும். ஷட்டரையோ ஜன்னலையோ அப்போது யாராவது திறந்துவிடுவார்கள் என்று நம்ப விதி இடம் தரவில்லை. ஆள் இல்லாமலே தண்ணீர் நுழைய வேண்டும்.

அந்தக் கீழ்ப்பகுதியை வண்டி நிறுத்தவும், மாடிக்கு ஏறவும், தட்டுமுட்டுச் சாமான் வைக்கவும் மட்டுமே பயன்படுத்தலாம். அங்கே பயன்படும் பொருள் குறைந்தது 72 மணி நேரம் தண்ணீரில் ஊறினாலும் கழுவித் துடைத்தால் மீளக்கூடியதாக இருக்க வேண்டும். கான்கிரீட், டைல்ஸ், கருங்கல், சிமென்ட் போர்டு, மரைன் பிளைவுட் தேறும். ஜிப்சம் போர்டும் பார்ட்டிக்கிள் போர்டும் தேறாது. மாடுலர் கிச்சனின் அடி அலமாரி ஒருமுறை ஊறினால் அப்பளமாக உப்பி, குப்பைக்குத்தான் போகும்.

கட்டடம் நின்றுவிட்டது, ஆனால் பயன்படவில்லை என்ற நிலைமைக்குக் காரணம் பெரும்பாலும் மின்சாரமும் குழாய்களும்தான். 2012-இல் சாண்டி புயலின்போது நியூயார்க்கின் லாங்கோன் மருத்துவமனையில் ஜெனரேட்டர்கள் சில மேல்தளத்தில் பத்திரமாக இருந்தன. அவற்றுக்கு எரிபொருள் ஏற்றும் அமைப்பு கீழ்த்தளத்தில் இருந்தது. அது மூழ்கியதும் எல்லாம் அடங்கியது. 300-க்கும் மேற்பட்ட நோயாளிகளை இருட்டில், மாடிப்படி வழியே தூக்கி இறக்கினார்கள். ஒரு சங்கிலியில் எந்தக் கண்ணி கீழே இருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறது தரநூல். மீட்டர் பெட்டி, டிஸ்ட்ரிபியூஷன் போர்டு, ஏசியின் வெளிப்பகுதி, மோட்டார் ஸ்டார்ட்டர் எல்லாம் கோட்டுக்கு மேலே போக வேண்டும். கோட்டுக்குக் கீழே தவிர்க்க முடியாத ஒன்றிரண்டு விளக்குப் புள்ளிகள் தனி சர்க்யூட்டில், கசிவு நேர்ந்தால் தானே துண்டிக்கும் பிரேக்கருடன் இருக்க வேண்டும். லிஃப்ட் குழியில் மிதவை சுவிட்ச் ஒன்று வேண்டும். தண்ணீர் தேங்கியதும் அது வேலை செய்தால், லிஃப்ட் கூண்டு கீழே இறங்காமல் மேல்தளத்திலேயே நின்றுவிடும். மின்சாரம் போனதும் தானாகத் தரைத்தளத்துக்கு வந்து கதவு திறக்கும் லிஃப்ட், வெள்ளத்தின்போது ஆளோடு தண்ணீருக்குள் இறங்கும் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தச் சிறு சுவிட்சின் அருமை தெரியும். சாக்கடை இணைப்பில் நான்-ரிட்டர்ன் வால்வு இல்லாவிட்டால், வாசலில் தண்ணீர் வருவதற்கு முன்பே குளியலறை வழியாக வந்துவிடும்.

மனையை மண்ணடித்து உயர்த்துவதுதான் பலருக்கும் எட்டும் வழி. லோடு லோடாகக் கிராவல் கொட்டி ரோலர் விட்டால் வேலை முடிந்தது. அந்த மண் உட்கார்ந்த இடத்தில் முன்பு நின்ற தண்ணீர் எங்கே போகும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அது பக்கத்து மனைக்குப் போகிறது. அடுத்த ஆண்டு பக்கத்துக்காரர் இன்னும் அரையடி கூட்டி அடிப்பார். அமெரிக்க விதியில் ஆற்றின் முக்கிய ஓட்டப் பாதையில், வெள்ளமட்டம் கொஞ்சமும் கூடாது என்று பொறியாளர் கணக்குப் போட்டுக் காட்டினாலொழிய எதுவும் கட்டவோ கொட்டவோ முடியாது. சில ஊர்களில், எத்தனை கன மீட்டர் மண் கொட்டப்படுகிறதோ அதே அளவுக்கு அதே சமவெளியில் வேறிடத்தில் தோண்டிக் காட்டவும் வேண்டும்.

இந்தியாவில் எழுத்தளவில் விதி இல்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டு தேசியக் கட்டட விதித்தொகுப்பு, பேஸ்மட்டம் சுற்றியுள்ள நிலத்திலிருந்து குறைந்தது 450 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. ஒன்றரை அடி. மழைத்தண்ணீர் வடிவதற்கு அது போதும். வெள்ளத்தோடு அந்த எண்ணுக்குச் சம்பந்தமில்லை, ஏனென்றால் அது அளக்கப்படுவது நிலத்திலிருந்து. வெள்ளச் சமவெளியை மண்டலங்களாகப் பிரித்து எங்கே எதைக் கட்டலாம் என்று வரையறுக்க, மத்திய அரசு 1975-இலேயே ஒரு மாதிரி மசோதாவை மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர், ராஜஸ்தான், உத்தராகண்ட், அன்றைய ஜம்மு காஷ்மீர் ஆகியவை சட்டமாக்கின. மற்றப் பெரும்பாலான மாநிலங்களில் அது கோப்பிலேயே தங்கிவிட்டது. சென்னைப் பகுதியில் நீர்நிலையை ஒட்டிய பெரிய மனைப்பிரிவுகளுக்கும் அடுக்ககங்களுக்கும் நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்று கேட்கப்படுவதுண்டு. மனையை எந்த மட்டத்துக்கு உயர்த்த வேண்டும் என்று வெள்ளமட்டத்தை வைத்து அதில் குறிப்பார்கள். சரியான கேள்வி அங்கே கேட்கப்படுகிறது. உள்தெருவில் அரை கிரவுண்டில் எழும் தனி வீடு வரைக்கும் அந்தக் கேள்வி எட்டுவதில்லை என்பதுதான் குறை. 2015 டிசம்பர் முதல் நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை கொட்டி, அடையாறு கரை புரண்டபோது, முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் அகப்பட்டவை பெரும்பாலும் இப்படிப்பட்ட வீடுகள்.

ரோட்டை அளவுகோலாக வைப்பதில் இன்னொரு சங்கடம், ரோடும் ஓரிடத்தில் நிற்பதில்லை. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய தார் போட்டுப் போட்டு, இருபது ஆண்டுக்கு முன் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்குள் இன்று இரண்டு படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே சாலை போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு உத்தரவிட்டார். அதற்கு முன் தாழ்ந்துபோன வீடுகள் தாழ்ந்தவைதான்.

2015-க்குப் பிறகு சென்னையில் ஸ்டில்ட் பார்க்கிங்குக்கு மவுசு கூடியது. தரைத்தளத்தை வெறும் தூண்களாக விட்டு, முதல் மாடியிலிருந்து குடியிருப்பு. வெள்ளத்துக்கு இது நல்ல ஏற்பாடு. நிலநடுக்கத்துக்கு நேர்மாறு. மேல்மாடிகளில் செங்கல் சுவர்கள் விறைப்பாக இருக்க, கீழ்த்தளம் மட்டும் தொய்வாக இருப்பதால், ஆட்டம் முழுவதும் அந்தத் தூண்களின் தலையில் வந்து விழும். 2001 ஜனவரியில் குஜராத் நிலநடுக்கத்தின்போது அகமதாபாத்தில் பல அடுக்ககங்கள் இப்படித்தான் சரிந்தன. மறு ஆண்டே இந்திய நிலநடுக்கத் தரநூலான ஐஎஸ் 1893 திருத்தப்பட்டு, திறந்த தளத்தின் தூண்களையும் உத்திரங்களையும் வழக்கமான கணக்கைப் போல் இரண்டரை மடங்கு விசைக்கு வடிவமைக்க வேண்டும், அல்லது பக்கவாட்டு விசையைத் தாங்கும் கான்கிரீட் சுவரான ஷியர் வால் சேர்க்க வேண்டும் என்றது. அதே திருத்தத்தில் சென்னையும் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றப்பட்டது. ஆகவே ஸ்டில்ட் வீடு வாங்குகிறவர், பில்டரிடம் டைல்ஸ் எந்தக் கம்பெனி என்று கேட்பதற்கு முன் ஷியர் வால் எங்கே என்று கேட்பது நல்லது. காலப்போக்கில் ஸ்டில்ட்டை அடைத்து வாட்ச்மேன் அறை, அசோசியேஷன் அலுவலகம், வாடகைக் கடை என்று மாற்றுவதும் நடக்கிறது. அமெரிக்காவிலும் இதே தொல்லை உண்டு. கீழ்ப்பகுதியை அறையாக மாற்ற மாட்டேன் என்று சொந்தக்காரரிடம் பத்திரத்தோடு சேர்த்து எழுதி வாங்கும் ஊர்கள் இருக்கின்றன.

இதுவரை சொன்ன விதிகளெல்லாம் புதிய கட்டடங்களுக்கு. ஏற்கெனவே நிற்பவைதான் எண்ணிக்கையில் அதிகம். அமெரிக்காவில் அவற்றுக்கு ஐம்பது சதவீத விதி இருக்கிறது. பழைய வீடு வெள்ளத்தாலோ தீயாலோ சேதமாகி, பழையபடி ஆக்க ஆகும் செலவு அதன் சந்தை மதிப்பில் பாதியை எட்டினால், வெறும் பழுதுபார்ப்புக்கு அனுமதி கிடையாது. முழு வீட்டையும் இன்றைய வெள்ளமட்டத்துக்கு உயர்த்த வேண்டும். தானாக விரும்பிச் செய்யும் பெரிய மராமத்துக்கும் இதே கணக்கு. ஒரு பேரிடருக்குப் பிறகு இந்த விதியை அமல்படுத்தும் நகராட்சி ஊழியரின் நிலைமை பரிதாபம். எல்லாவற்றையும் இழந்து நிற்பவரிடம் வீட்டைத் தூக்கு என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

தூக்குவது முடியாத காரியம் அல்ல. 1900 செப்டம்பரில் டெக்சஸின் கால்வெஸ்டன் தீவைப் புயல் விழுங்கியது. சுமார் 8,000 பேர் இறந்தார்கள். கடல்சுவர் ஒன்று கட்டியதோடு, 1903 முதல் 1911 வரை ஊரையே மேடாக்கினார்கள். 2,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களைத் திருகு ஜாக்கிகளால் கையாலேயே தூக்கி நிறுத்தி, கடல்மணலைத் தண்ணீரோடு குழம்பாக்கிக் குழாய் வழியே அடியில் பாய்ச்சினார்கள். இன்று சென்னையிலும் புறநகரிலும் அதே ஜாக்கி வேலை நடக்கிறது. அஸ்திவாரத்துக்குச் சற்று மேலே சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து, இரும்புச் சேனல்களைச் செருகி, வரிசையாக ஜாக்கிகளை வைத்து, எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் ஒரே அளவு திருகுகிறார்கள். வீடு சிறிது சிறிதாக எழும்புகிறது. இடைவெளியைக் கட்டி நிரப்புகிறார்கள். பழைய அஸ்திவாரத்துக்கும் புதிய சுவருக்கும் நடுவே கம்பி கட்டிய கான்கிரீட் பெல்ட் போடாவிட்டால், அந்த ஒட்டு பக்கவாட்டு விசைக்குத் தாங்காது. போட்டார்களா என்பதை வேலை நடக்கும்போதே ஒரு பொறியாளர் பார்த்தாக வேண்டும், பூசிய பிறகு தெரியாது. வீட்டோடு சேர்ந்து சம்ப் எழும்புவதில்லை, செப்டிக் டேங்கும் எழும்புவதில்லை. சம்ப்பின் வாயைத் தனியாக உயர்த்தி மூடி போடாவிட்டால் குடிநீரில் தெருத்தண்ணீர் கலக்கும். செப்டிக் டேங்க் தண்ணீருக்கடியில் இருக்கும் நாட்களில் கழிவறையில் ஊற்றும் தண்ணீர் இறங்காது. உயர்ந்த வீட்டில் தரை காய்ந்தே இருந்தாலும் குடியிருப்பவர்கள் இரண்டாம் நாளே வெளியேற நேரும்.